ரோகிணிக் கரையும் குமுளிப் பாதையும்



பகைகொண்ட அண்டை அரசை ஒதுக்கித் தள்ளுவதா, அழைத்துப் பேசுவதா? ரோகிணி நதியின் நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் ஆயுதமேந்தி நின்ற காலை, பகவான் புத்தர் இருவர்க்கும் நடுவே சென்று, நீர் பெரிதா, மனிதக் குருதி பெரிதா என வினவினார். ஒரு தரப்பையும் அவர் விலக்கினாரில்லை.

நம் மலையெல்லையிலும் அவ்வினா எழுந்தது. 1886-இல் 999 ஆண்டுகட்கு எழுதப்பட்ட குத்தகையின்படி எழுந்த முல்லைப் பெரியாறு அணையைப் பற்றித் தமிழகமும் கேரளமும் பிணங்கின. 2011 டிசம்பரில் குமுளிப் பாதை மறிக்கப்பட்டது. அதனால் எந்த அரசு பட்டினி கிடந்தது? கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரே பிழைப்பிழந்தனர். இருவர் வாதத்தையும் கேட்ட பின்னரே, 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி நீர் தேக்க இசைந்தது.

பாலக்காட்டுப் பக்கம் நோக்குங்கள். 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்படிக்கை, சித்தூர் வயல்களுக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீரை உறுதி செய்தது. அங்கும் பூசல் உண்டு. ஆயினும் இரு தரப்பாரும் கூடிப் பேசியே வந்துள்ளனர்.

பேசுதல் பணிதல் அன்று. உரிமையை விடாது பகையை விடுதலே தம்மம். சிறிய அரசை ஒதுக்க எண்ணும் வல்லரசுக்கும் இதுவே நெறி: கதவை அடைத்தால் முதலில் வாடுவது ஏழையின் அடுப்பே.

யாவர்க்கும் நலம் விளைக!