நினையாது விளைந்த தீங்கு

எவரும் விரும்பிச் செய்யாத ஒரு தீங்கைக் குற்றம் என்பதா, பாவம் என்பதா, அல்லது புயலும் நிலநடுக்கமும் போல எவர் பொறுப்பிலும் சேராத நிகழ்வு என்று விட்டுவிடுவதா என்னும் வினாவைச் சமய மரபுகள் பலவும் வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டிருக்கின்றன. 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த எண்ணெய்க் கசிவு அவ்வினாவை அமெரிக்க மக்கள் முன் மீண்டும் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இரவு, லூசியானா மாநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,500 மீட்டர் ஆழமுள்ள நீரில் மக்கோண்டோ என்னும் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் துளையிடு மேடை வெடித்துத் தீப்பற்றியது. மேடையிலிருந்த 126 பேரில் 11 பேர் உயிரிழந்தனர். இரண்டு நாள் கழித்து மேடை மூழ்கியது. கிணற்றின் வாய் ஜூலை 15இல் மூடப்படும் வரை, 87 நாள்கள், எண்ணெய் கடலுக்குள் பீறிட்டுக்கொண்டே இருந்தது. வெளியேறியது 49 இலட்சம் பீப்பாய் என்று அரசு மதிப்பிட்டது. மீட்கப்பட்டது போகக் கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் என்று பின்னர் நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர்.

மே மாதத் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநில ஆளுநர் ரிக் பெர்ரி, தடுக்க இயலாத இறைச்செயல்கள் அவ்வப்போது நிகழத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். பக்திச் சொல்லாகத் தோன்றினாலும் ‘இறைச்செயல்’ என்பது அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கலைச்சொல். அலாஸ்கா கரையில் எக்சான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியதைத் தொடர்ந்து 1990இல் இயற்றப்பட்ட எண்ணெய் மாசுச் சட்டம், கசிவு இறைச்செயலாலோ போராலோ தொடர்பற்ற மூன்றாம் தரப்பினராலோ மட்டுமே நிகழ்ந்தது என்று நிறுவுகிறவர் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்கிறது. ஆகவே கடவுளின் பெயரைச் சொல்வது அங்கே ஒருவரின் கடனைத் தள்ளுபடி செய்யும் வழியாகவும் அமையக்கூடும். பெர்ரியின் சொல் கண்டனத்துக்கு உள்ளானதற்கு இதுவும் ஒரு காரணம். லூசியானா மாநில மேலவை ஜூன் 20ஆம் நாளை வழிபாட்டு நாளாகக் கொள்ள வேண்டும் என்று நிறைவேற்றிய தீர்மானம் வேறு வகையைச் சேர்ந்தது. மனித முயற்சிகள் இதுவரை பயன் தரவில்லை என்று ஒப்புக்கொண்டு உதவி வேண்டிய அத்தீர்மானம், நேர்ந்ததைக் கடவுள்மேல் சுமத்தவில்லை. தீங்கைக் கடவுளிடம் தள்ளுவதையும் தீங்கின் நடுவே கடவுளை அழைப்பதையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் சேர்த்து எள்ளியவர்கள், கத்தோலிக்க மீனவர் நிறைந்த அந்தக் கரையைச் சரியாகப் பார்க்கவில்லை.

கடவுளைச் சுட்டாதவர்கள் மனிதனைத் தேடினார்கள். கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்டு, தமக்குத் தம் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மே மாத இறுதியில் சொன்னதும், பதினொரு குடும்பங்களுக்கு இனி அது கிடைக்கப்போவதில்லை என்பதை நினைத்த மக்களின் சினம் முழுவதும் அந்த ஒரு முகத்தின்மீது குவிந்தது. நிறுவனத்தின் பெயர் தாங்கிய பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணிக்கும் இயக்கமும் பரவியது. அந்நிலையங்களில் பெரும்பாலானவை தனி வணிகர்களுக்குச் சொந்தமானவை என்பதால், தண்டனையின் ஒரு பகுதி தொடர்பற்றவர்கள்மேல் விழுந்தது. சினத்துக்கு ஒரு மனம் தேவைப்படுகிறது. தீயதை எண்ணிய மனம் ஒன்று கிடைக்காதபோது, அருகில் தென்படும் அலட்சிய முகத்தையே அது பற்றிக்கொள்கிறது. ஆனால் ஹேவர்டின் சொல் வெடிப்புக்குப் பின் வந்தது. வெடிப்பின் காரணத்தை அதில் தேட முடியாது.

மனத்தின் எண்ணமே வினையைத் தீர்மானிக்கிறதா என்ற விவாதம் இந்திய மண்ணில் மிகக் கூர்மையாக நடந்திருக்கிறது. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், சமணரைப் பின்பற்றிய உபாலி என்னும் இல்லறத்தார், உடலால் செய்யப்படும் செயலே பெருந்தீங்கு என்ற தம் தரப்பை நிறுவ நாலந்தாவில் புத்தரிடம் வாதிடச் சென்று, மனத்தால் செய்யப்படுவதே முதன்மையானது என்ற புத்தரின் தரப்பை ஏற்றுத் திரும்புகிறார். இது வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் தரப்பு எழுதிவைத்த விவாதம் என்பதையும் மறக்கக்கூடாது. சமணர் தம் ஆகமங்களுள் ஒன்றாகிய சூத்திரகிருதாங்கத்தில் இதற்கு ஈடான எள்ளலைப் பதிவு செய்தனர்: சுரைக்காயைக் குழந்தை என்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரன், குழந்தையைச் சுரைக்காய் என்று எண்ணிக் குத்தியவன் குற்றமற்றவன் என்று முடியும் கொள்கையை எப்படி ஏற்பது என்று அது கேட்கிறது. எண்ணெய்க் கசிவு போன்ற தொழில்சார்ந்த பேரழிவுகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு வழியைக் காண்கிறது. விழிப்பின்றி இயங்குவதால் உயிருக்கு விளையும் ஊறே இம்சை என்பது அந்நூலின் வரையறை. அதாவது, தீய எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஊறு நிகழ்ந்தது என்பது மட்டும் போதுவதுமில்லை, நடுவே கவனக்குறைவு என்னும் மனநிலை இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி வந்து மடிந்தாலும் அவருக்கு வினைக்கட்டு இல்லை என்றும், கவனமின்றி நடப்பவன் காலில் ஒன்றும் சிக்காவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்றும் உரையாசிரியர்கள் விளக்கினர். இந்த இரண்டாம் பகுதியே இங்கு முக்கியமானது, ஏனெனில் அது குற்றத்தை விளைவிலிருந்து பிரித்து, விளைவுக்கு முந்திய நேரத்தில் வைக்கிறது.

அந்த முந்திய நேரம் மக்கோண்டோவில் நன்றாகவே ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 20 அன்று மேடையில் எதிரழுத்தச் சோதனை என்ற ஒன்று நடந்தது. கிணற்றை நிரப்பியிருக்கும் கனமான சேற்றுக்குழம்பின் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, அடியிலுள்ள சிமெண்ட் அடைப்பு தாங்குகிறதா, எண்ணெயும் வாயுவும் உள்ளே ஏறுகின்றனவா என்று பார்ப்பதே அச்சோதனை. துளைக்குழாயில் அழுத்தம் மீண்டும் மீண்டும் ஏறியது, அதாவது அடைப்பு தாங்கவில்லை; ஆயினும் அங்கிருந்தோர் அதற்கு வேறொரு விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, மற்றொரு குழாயில் அழுத்தம் இல்லை என்பதைச் சான்றாகக் கொண்டு, சோதனை வெற்றி என்று முடித்தார்கள். அதே நாளில் பி.பி.யின் உயர் அலுவலர்களும், மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்தின் உயர் அலுவலர்களும் மேடைக்கு வந்திருந்தனர். பணியாளர் எவரும் காயத்தால் வேலைநாளை இழக்காமல் ஏழு ஆண்டுகள் கழிந்ததைப் பாராட்டுவதும் அவ்வருகையில் அடங்கியிருந்தது.

திருக்குறளின் பொச்சாவாமை என்னும் 54ஆம் அதிகாரத்தை அறிந்த வாசகர்க்கு இந்தப் பாராட்டு வெறும் முரண்நகையாகத் தோன்றாது. மகிழ்ச்சியில் திளைத்துச் சோர்ந்திருப்பது அளவு கடந்த சினத்தைக் காட்டிலும் தீயது என்ற கருத்தோடு அவ்வதிகாரம் தொடங்குகிறது. பெற்ற செல்வத்தாலும் ஆற்றலாலும் களித்துத் தன்னைக் காப்பதிலும் கடமையிலும் தளர்வதே அங்குப் பேசப்படும் மறதி என்பது பரிமேலழகரின் கருத்து. சோம்பலாலோ அறியாமையாலோ வரும் மறதி வேறு. தொடர்ந்து வென்றவனுக்கு வரும் மறதி வேறு. ஏழாண்டு விபத்தின்மை என்பது கையில் காயம் படாமை, தடுக்கி விழாமை போன்றவற்றின் கணக்கு. கிணறு பொங்கி எழும் அபாயத்தை அக்கணக்கு அளக்கவே இல்லை என்றாலும், அளந்துவிட்டது போன்ற நிறைவை அது தந்தது. வள்ளுவர் இவ்வதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் அரசனுக்குரிய இயல்புகளிடையே வைத்தது பொருத்தமாகப் படுகிறது. பலருடைய உயிர் தன் கவனத்தைச் சார்ந்திருக்கும் நிலையிலுள்ளவனின் மறதி, தனிமனிதக் குறையாக நின்றுவிடுவதில்லை. குடியரசுத் தலைவர் அமைத்த தேசிய ஆணையம் 2011 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும், தவறுகளின் வேர் தனியாட்களின் பிழையைத் தாண்டி மேலாண்மையில் இருந்தது என்றே முடிவு செய்தது.

தீங்கு நிகழ்ந்த பின் அதைத் துடைப்பது அடுத்த கேள்வி. 2010 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, வெளியேறிய எண்ணெயில் 5 விழுக்காடு கடல்மேல் எரிக்கப்பட்டது, 3 விழுக்காடு வழித்தெடுக்கப்பட்டது. கிணற்றின் வாயிலிருந்தே நேராகப் பிடிக்கப்பட்டது 17 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி ஆவியானது, கரைந்தது, சிதறியது, அல்லது கடலிலும் கரையிலும் தங்கியது. ஏறத்தாழ 70 இலட்சம் லிட்டர் அளவுக்குச் சிதறச்செய்யும் வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்பட்டன. எண்ணெய்ப் படலத்தை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் கலந்துவிடுவதே அவற்றின் வேலை. சதுப்பு நிலத்தையும் பறவைகளையும் காக்க இது தேவை என்ற அறிவியல் வாதம் வலுவற்றதன்று. ஆயினும் மக்கள் இதைக் கறையை நீக்குவதாகக் கொள்ளாமல் மறைப்பதாகவே கண்டனர். துடைக்கும் வேலையும், கசிவால் பிழைப்பை இழந்த மீனவர்களிடமே நிறுவனத்தின் கூலிக்குக் கொடுக்கப்பட்டது. எண்ணெயில் நனைந்த பழுப்புக் கூழைக்கடாவின் படங்கள் உலகெங்கும் பரவின. லூசியானாவின் மாநிலப் பறவையான அது, தன் நெஞ்சைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளை ஊட்டுவதாகக் கிறித்தவ மரபில் இயேசுவின் தியாகத்துக்கு உருவகமானது. மாநிலக் கொடியிலும் அவ்வாறே வரையப்பட்டிருக்கிறது. தன்னார்வலர் அப்பறவைகளைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரில் குளிப்பாட்டினர். அந்தச் சோப்பின் சேர்மங்களிற் சில எண்ணெயிலிருந்தே பெறப்பட்டவை என்பது சிலரைச் சங்கடப்படுத்தியது.

கறையை நீக்குவதும் பிழையைத் தீர்ப்பதும் ஒன்றல்ல என்பதில் மரபுகள் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகின்றன. கத்தோலிக்க இறையியல் பாவமன்னிப்பில் மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் என்ற மூன்றையும் வேண்டுகிறது. மனுஸ்மிருதியின் பதினொன்றாம் இயலும், பாவத்தைப் பிறரறியச் சொல்லுதலையும் உள்ளம் வருந்துதலையும் தவத்தோடும் ஓதலோடும் சேர்த்துப் பிராயச்சித்தத்தின் வழிகளாக வகுக்கிறது. பி.பி. ஈடுசெய்தது: 2016இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் மதிப்பு மட்டும் 2,000 கோடி டாலருக்கு மேல். அறிக்கையிடவும் செய்தது: 2012 நவம்பரில், பதினொரு உயிரிழப்புக்கான குற்றங்களோடு, கசிவின் அளவைக் குறைத்துச் சொல்லி நாடாளுமன்றத்தின் விசாரணையைத் தடுத்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டது. மூன்றில் எஞ்சியது மனவருத்தம். அதை ஒரு கூட்டு நிறுவனத்தின் எந்த உறுப்பில் தேடுவது என்பதற்கு இறையியலிடமும் தரும சாத்திரத்திடமும் விடையில்லை.

மேடையிலிருந்த இரு மேற்பார்வையாளர்கள்மீது தொடுக்கப்பட்ட உயிரிழப்பு வழக்கு 2015இல் அரசாலேயே கைவிடப்பட்டது; ஒருவர் நீர்மாசு தொடர்பான சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டார், மற்றவர் 2016இல் விடுதலையானார். மக்களில் பலர் இதை நீதி தவறியதாகக் கண்டனர்; அடிமட்டத்தில் இருவரைப் பலிகொடுத்து மேலே உள்ளோர் தப்பாமல் போனது நல்லதே என்றோரும் உண்டு. இழப்பீட்டு வழக்கில் நீதிபதி கார்ல் பார்பியர் 2014இல் பி.பி.க்கு 67, டிரான்ஸ்ஓஷனுக்கு 30, சிமெண்ட் பணியைச் செய்த ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு என்று பொறுப்பைப் பங்கிட்டார். இழப்பை ஈடுகட்டுவதற்கு இத்தகைய பங்கீடு தேவைதான். அதில் ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறைந்தே ஆக வேண்டும். சமணர் சொன்ன விழிப்பின்மை அவ்வாறு பங்கிடப்படுவதில்லை: அழுத்தமானியைப் பார்த்தும் பாராதவர், சிமெண்டின் ஆய்வு முடிவை உரியவரிடம் வற்புறுத்தாதவர், மேடையின் நாள் வாடகையை எண்ணி வேலையை விரைவுபடுத்தியவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அவரவர் வினை முழுமையாகவே ஒட்டுகிறது, அருகிலிருந்தவரின் வினை பெரிது என்பதால் அது சிறிதும் குறைவதில்லை.