ஆடையும் அடையாளமும்

பௌர்ணமிக் கூட்டத்திற்கு வெள்ளுடை உடுத்தாமல் வருவோரை உள்ளே அமர்த்தலாமா என்னும் கேள்வி நம் சங்கத்தில் எழுந்துள்ளது. இதை அற்ப விஷயமென்று தள்ளலாகாது. உடையைக் கொண்டே இழிவு செய்யப்பட்ட மக்கள் நாம். இதை நாம் ஆராயாவிடில் வேறு யார் ஆராய்வர்?

சண்டாளர் பிணத்தின் துணியையே உடுத்தவேண்டும் என்று மநு நூலின் பத்தாம் அத்தியாயம் விதித்தது. பகவான் புத்தரோ, சுடுகாட்டிலும் குப்பையிலும் எறியப்பட்ட கந்தலைப் பொறுக்கித் தைத்து உடுத்தும் வழக்கத்தைப் பிக்ஷுக்களுக்கு அனுமதித்தார். அதற்குப் பாம்சுகூலம் என்று பெயர். இரண்டும் பிணத்துணிதான். சாக்கிய அரசகுமாரர் தோளிலும் நாவிதர் உபாலியின் தோளிலும் அது ஒன்றுபோலக் கிடந்தபோது அதிலிருந்த இழிவு எங்கே போயிற்று? இழிவு துணியில் என்றுமே இருந்ததில்லை. உடுத்தென்று பிறர் இட்ட கட்டளையில் இருந்தது.

விநய பிடகத்தில் ஒரு வரலாறு உண்டு. கோசம்பியில் உதேன மன்னனின் அந்தப்புரப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகளைத் தானம் செய்தனர். இவர் துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று மன்னனுக்கு ஐயம். நேரே வந்து வினவினான். சீவரம் நைந்த பிக்ஷுக்களுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். பழைய சீவரங்களை என்ன செய்வீர்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பின்பு தரைவிரிப்பு, பின்பு கால்மிதி, பின்பு தூசி துடைக்கும் துணி. இறுதியில் அதையும் இடித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான். பஞ்சாலையில் கழிவுப் பஞ்சையும் எடைபோட்டு ஒப்படைத்துப் பழகிய நமக்கு இவ்வரலாற்றில் தனிப் பிரியம். ஒரே துணி எத்தனை உருவம் எடுத்தது!

நம் காலத்திற்கு அண்மையிலும் சான்று உண்டு. 1927 டிசம்பரில் மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் பெண்களிடம், தீண்டாதார் என்று காட்டும் விதத்தில் சேலை கட்டுவதையும் கனத்த உலோக அணிகளையும் விட்டொழியுங்கள் என்றார். புதுச் சேலை வாங்க அவர்களுக்குக் காசு ஏது? இருந்த சேலையையே வேறு விதமாகக் கட்டிக்கொண்டனர். அண்ணல் தாமும் ஆயுள் முழுதும் பெரும்பாலும் மேனாட்டு உடையே அணிந்தவர்; 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீக்ஷை பெறும்போது வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக நின்றார். வேட்டியும் கோட்டும் அவரிடத்தில் சண்டையிட்டுக் கொள்ளவில்லை.

வெள்ளுடை வேண்டுமென்போர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. நாற்பது பேர் வெள்ளுடையில் வீதியில் நடந்தால், இவர்கள் யார் என்று ஊர் கேட்கிறது. அக்கேள்வி நமக்குத் தேவை. வெள்ளை உடுத்த இயன்றவர் மகிழ்ந்து உடுத்தட்டும். ஆனால் அது வாயிற்காப்போன் ஆகும் நாளில் நாமும் ஒரு சிறு மநு நூல் எழுதியவர் ஆவோம்.

இதை நாம் வெறும் வாதத்திற்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழர் இரவு ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடும் எண்ணெய்க் கறை படிந்த அரைக்காற்சட்டையோடும் நேரே கூட்டத்திற்கு வந்தார். அடுத்த முறை வெள்ளை உடுத்தி வாருங்கள் என்று வாயிலில் நின்றவர் கூறினார். மேடையில் இருந்த நாம் அதைக் கேட்டோம். கேளாதது போல் பஞ்சசீலத்தைத் தொடங்கினோம். அதே உடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தறியருகே நின்றவர் நாம். அவர் திரும்ப வரவில்லை.

அவருடைய வீடு நமக்குத் தெரியும். அடுத்த பௌர்ணமிக்கு முன் நாமே சென்று அழைக்க எண்ணியுள்ளோம். ஷிப்டு முடிந்த உடையிலேயே வரலாம் என்பதையும், அன்று நாம் கேளாதது போலிருந்ததையும் அவரிடம் சொல்லவேண்டும்.