ஈரத்தை மறைக்கலாமா?

வணிகச் சகோதரர்களே!

கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம்! குறையை மறைத்த வியாபாரியைக் கண்டித்தார்கள். நம் குவியலில் ஈரம் இல்லையென்று நாம் நிம்மதி கொள்ளலாமா?

தோட்டத்துக்குப் போகும் நஞ்சை ‘மருந்து’ என்றே சொல்லி விற்கிறோம். அந்தப் பெயரே ஈரத்தை மறைக்கிறது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைப் பறிக்கும், முறிமருந்து கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. ஆனால் மற்ற நஞ்சுகள் கடைகளில் இருக்கவே செய்கின்றன.

ஆகவே, செபராங் பிறை, கெடா தோட்டங்களிலிருந்து வரும் தாய் தந்தையரிடம் சரக்கோடு நான்கு வார்த்தையும் சொல்லி அனுப்புவோம்: மருந்தடித்தவர் குளித்து உடை மாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும், அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும், காலி டின்னில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, நஞ்சைப் பூட்டி வைக்க வேண்டும். நாமும், யார் கேட்டாலும், பானப் போத்தலில் ஊற்றிச் சில்லறையாக விற்கலாகாது. பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

பிள்ளைகள் அல்லாஹ்வின் அமானிதம். சில வெள்ளி இலாபம் குறைந்தாலும் மறுமைக் கணக்கில் நட்டமில்லை. அவ்வாறு நடக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.