அடைப்பதும் மறைப்பதும்

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனுக்கு உள்ள அதிகாரம் மிகச் சிறியது. கரண்டி அவன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். சாதமும் அவனுடையதல்ல, சாப்பிட உட்கார்ந்திருப்பவர்களும் அவன் அழைத்து வந்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தச் சிறிய அதிகாரத்தை அவன் கோணலாகப் பயன்படுத்திவிட்டால், அதற்கு நம் பெரியவர்கள் ‘பந்தி வஞ்சனை’ என்று ஒரு கடுமையான பெயர் வைத்திருக்கிறார்கள்.

இணையத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பந்தியைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். இணையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கம்பெனியும் ஒரு பரிமாறுகிறவன்தான். பாட்டும் படமும் புத்தகமும் அந்தக் கம்பெனி சமைத்தவை அல்ல. எங்கிருந்தோ வருவதை நம் வீட்டில் சேர்ப்பதும், நாம் கொடுப்பதை எங்கோ கொண்டு சேர்ப்பதும் அதன் வேலை. அதிகமாக வாங்கும் ஒருவனைக் கண்டால் அது கரண்டியை இழுத்துக்கொள்ளலாமா? இழுத்துக்கொள்வதானால் எப்படி? இது யந்திரத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், நியாயத்தைப் பற்றிய கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் கேள்வி 2007-இல் அமெரிக்காவில் பகிரங்கமாக எழுந்தது. அப்போது அந்நாட்டின் மிகப் பெரிய கேபிள் கம்பெனியாக இருந்த காம்காஸ்டின் சந்தாதாரர்களில் ராப் டோபோல்ஸ்கி என்று ஒருவர். கம்ப்யூட்டர் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதில் அனுபவம் உள்ளவர். நால்வர் கூடி, வாத்தியம் இல்லாமல் பாடும் பழைய அமெரிக்கப் பாணி ஒன்றில் அவருக்குப் பிரியம் அதிகம். அந்தப் பாட்டுகளின் பழைய ஒலிப்பதிவுகளை பிட்டோரண்ட் என்ற முறையில் மற்ற ரசிகர்களோடு பகிர்ந்துகொள்ள முயன்றார். ஒரு பெரிய கோப்பைப் பல துண்டுகளாக்கி, வாங்குகிறவனே கொடுக்கிறவனாகவும் இருந்து, ஊர் கூடித் தேர் இழுப்பது போலப் பலரும் சேர்ந்து நகர்த்தும் முறை அது. ஆனால் அவருடைய பாட்டுகள் நகரவில்லை. தொடர்பு ஏற்படும், உடனே அறுந்துவிடும்.

சாதாரண மனிதர் என்றால் தம் யந்திரத்தைக் குறை சொல்லியிருப்பார். இவர் தம் வீட்டுக்கு வந்து போகும் தகவல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அப்போதுதான் விசித்திரமான செய்தி வெளியாயிற்று. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும், “போதும், முடித்துக்கொள்வோம்” என்ற பொருள்படும் ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டரின் முகவரியோடு அது வந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் அதை அனுப்பவே இல்லை. நடுவில் இருந்த கம்பெனியின் சாதனம்தான் அனுப்பியது.

இப்போது பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவன் அடுப்படிக்குப் போய், “ஐந்தாவது இலைக்காரர் போதும் என்கிறார்” என்று சொல்கிறான். திரும்பி வந்து அதே ஐந்தாவது இலைக்காரரிடம், “அடுப்படியில் தீர்ந்துவிட்டதாம்” என்கிறான். இரண்டு பேரும் நம்பிவிடுகிறார்கள். யாரும் யாரையும் சண்டைக்கு இழுக்கவில்லை. பந்தி அமைதியாக நடக்கிறது. அந்த அமைதிதான் பயங்கரமானது.

அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் இதைத் தானே சோதித்துப் பார்த்து, 1907-ஆம் வருஷமல்ல, 2007-ஆம் வருஷம் அக்டோபரில் வெளியிட்டது. சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கிறிஸ்தவர்களின் வேதப்புத்தகம், அதுவும் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பு. திருட்டுச் சினிமா என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா? அந்த வேதப்புத்தகத்துக்கும் வழி கிடைக்கவில்லை. எந்தப் பயன்பாட்டையும் தாங்கள் தடுப்பதில்லை என்பது கம்பெனி முதலில் சொன்ன பதில். தடுக்கவில்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறோம் என்பது பிறகு சொன்ன பதில்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கேபிள் என்பது ஆதியில் டெலிவிஷனை வீடுகளுக்குக் கொண்டுவருவதற்காகப் போட்ட கம்பி. வீட்டை நோக்கி வரும் வழி அகலம். வீட்டிலிருந்து போகும் வழி குறுகல். ஒரு பேட்டையில் உள்ள பல வீடுகள் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சில வீடுகள் இரவும் பகலும் கோப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் இணையத்தின் வழியாக மகளோடு பேசும்போது குரல் திக்கித் திணறும். அவரும் சந்தா கட்டியவர்தான். அவருக்காக யாராவது ஒருவர் நெரிசலை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். பண்டம் அளவோடு இருக்கும்போது ‘ஆளுக்கு ஒரு கரண்டிதான்’ என்று சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைச் சொல்ல வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

‘சொல்லிவிட்டால், கெட்டிக்காரர்கள் மாற்று வழி கண்டுபிடித்துவிடுவார்களே’ என்று கேட்கலாம். ‘மறைத்தால் என்ன, பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்மைதானே?’ என்றும் கேட்கலாம். பலன் நல்லதாக இருந்தால் பொய் பொய்யாகாது என்ற வாதம் பழையது. இங்கே அது பொருந்தாது. முதலாவது, ஒருவன் எதை இழக்கிறான் என்பதை அவனுக்குத் தெரியாமல் வைத்தால், அந்த இழப்பு நியாயமானதா என்று கேட்கும் உரிமையையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். இரண்டாவது, அவன் பழியைத் தன் மீதோ, தன் யந்திரத்தின் மீதோ, மறு கோடியில் இருக்கும் நண்பனின் மீதோ போட்டுக்கொள்கிறான். கதை எழுதுகிறவனுக்கு இது பழக்கமான விஷயம். இரண்டு பேருக்கு நடுவே கடிதம் கொண்டுபோகும் ஒருவன், கடிதத்தைக் கிழித்துப் போட்டால் அது ஒரு குற்றம். ‘இனி எழுதாதே’ என்று அவள் கையெழுத்திலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அது வேறு குற்றம். முதல் குற்றத்தில் ஒரு கடிதம் போயிற்று. இரண்டாவதில் ஓர் உறவு போய்விடும்.

இந்த வழக்கில் வேடிக்கையும் உண்டு. 2008 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பொது விசாரணை நடத்தியது. அங்கே இடம் பிடித்து வைப்பதற்காகக் கூலிக்கு ஆள் அமர்த்தியதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தன் சிப்பந்திகளுக்காகத்தான் என்று சமாதானம் சொன்னது. இடம் இல்லாமல் வெளியே நின்றவர்கள் பலர். அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் புகார் செய்தவர்கள் செய்த காரியம் இது!

அந்த ஆகஸ்டில் ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் கம்பெனியைக் கண்டித்தது, அபராதம் விதிக்கவில்லை. 2010 ஏப்ரலில் மேல்கோர்ட்டு அந்த உத்தரவையும் ரத்துச் செய்தது. செய்தது சரி என்று கோர்ட்டு சொல்லவில்லை. கேட்பதற்கு ஆணையத்துக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை என்றது. அன்று தொடங்கிய இழுபறி ஓயவில்லை. 2015-இல் வந்த கட்டுப்பாடுகளை 2017-இல் நீக்க முடிவு செய்தார்கள்; 2024-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள்; 2025 ஜனவரியில் இன்னொரு கோர்ட்டு தள்ளிவிட்டது.

சட்டம் இப்படி ஊஞ்சலாடினாலும், நியாயத்துக்கு விடை 2008 முடிவதற்குள்ளேயே கிடைத்துவிட்டது. கொடுத்தது வேறு யாரும் அல்ல, அந்தக் கம்பெனியேதான். அது பழைய முறையைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறியது. எந்தப் பேட்டையில் நெரிசலோ அங்கே மட்டும், சற்று முன்புவரை மிக அதிகமாகப் பயன்படுத்தியவரைக் கொஞ்ச நேரம் வரிசையில் பின்னால் நிறுத்துவது. அவர் அனுப்புவது பாட்டா படமா என்று பார்ப்பதில்லை. மாதத்துக்கு 250 கிகாபைட் என்று ஓர் எல்லையையும் வெளிப்படையாக அறிவித்தது. அந்த எல்லை போதுமா என்று சண்டை போட்டிருக்கலாம். அது வேறு விஷயம். சண்டை போடுவதற்கு ஓர் எண் இருந்தது, எதிரே ஒரு முகம் இருந்தது. அப்படியானால், உண்மையைச் சொல்லிக்கொண்டே பங்கிட முடியும் என்று ஆகிறது. பொய் தேவைக்காகச் சொன்னதல்ல, சௌகரியத்துக்காகச் சொன்னது.

நம் ஊர்க் கம்பெனிகளும் ‘வரம்பற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகம் குறையும் என்பதைச் சிறிய எழுத்தில் போடுகின்றன. சிறிய எழுத்தானாலும் அது எழுத்து; கண்ணாடி போட்டுக்கொண்டாவது படிக்கலாம். ஆனால் ‘வரம்பற்றது’ என்ற சொல்லை நம்பி நிறைய வாங்கியவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவதற்கு, அந்தச் சொல்லை விற்றவனுக்கு யோக்கியதை கிடையாது. நிறைய வாங்குகிறவனும் தன் கம்பியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், எல்லை எங்கே என்று அவனுக்கு யாராவது சொன்னால்தானே அவன் நினைத்துக்கொள்ள முடியும்?

இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் மேல் நமக்குக் கோபம் வரலாம். நாளைக்கு அவனோடு பேசித் தீர்த்துக்கொள்ளவும் வரலாம். நம் குரலிலேயே ‘போதும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவனோடு எந்த நாளில், எதைப் பேசித் தீர்ப்பது?