செவ்வாய்ச் சந்தைக்குப் போகும் கோழி

விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றக் கோழிகள் குப்பைமேட்டுக்கு ஓடுகின்றன. ஒரு பெட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இறக்கை தொங்கிக் கிடக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. காலடியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் எச்சம், அதன் ஓரத்தில் பச்சை. கையில் எடுத்தால் எடையே இல்லை; வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறது. தருமபுரி மாவட்டத்தில் கோழி வளர்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது வெள்ளைக்கழிச்சல் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்துவிட்டால், காரிமங்கலத்திலும் நல்லம்பள்ளியிலும் சந்தை கூடும் நாள் அது.

சீக்குக்கோழியை விற்பது தவறு என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிற மற்றப் பதினொன்றையும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அவை நன்றாகத்தான் மேய்கின்றன. இன்றைக்கே காலைக் கட்டித் தூக்கிப் போனால் நல்ல கோழி விலைக்கே போகும். ஒரு வாரம் பொறுத்தால் இரண்டு மிஞ்சினாலே பெரிது. தடுப்பூசி போடாத கோழிகளில் இந்த நோய் பெரும்பாலும் கூட்டையே காலி செய்துவிட்டுத்தான் போகும்.

அந்தப் பதினொரு கோழியும் யாருடைய பணம் என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ராகியும் சாமையும் வானம் பார்த்து விளைகிற மண் இது. வீட்டு ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வாசலில் மேயும் கோழிதான் பெண்ணின் கைக்காசு. அதற்கு மட்டும் அவள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் செலவு, மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமலிருக்க ஒரு சேவல் என எல்லாம் அதிலிருந்துதான். வயிறு நிறைந்தவர் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு நேர்மையைப் போதிப்பது எளிது.

இருந்தும் அந்தக் கோழிகளை அன்று விற்பது தவறுதான். நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள். வெளியே தெரிவதற்கு முன்பே எச்சத்திலும் மூச்சிலும் கிருமி போய்க்கொண்டிருக்கும். ஒரே பஞ்சாரத்தில் இரவெல்லாம் அணைந்து கிடந்த கோழிகளில் எது தப்பியது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே “நல்லாத்தானே இருக்குது” என்பது உண்மை தெரிந்தவர் சொல்லக் கூடாத சொல்.

“வாங்குகிற வியாபாரிக்குத் தெரியாததா, அறுக்கத்தானே வாங்குகிறார்?” என்று ஒரு சமாதானம் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தக் கிருமி மனிதருக்குப் பெரிய கேடு செய்வதில்லை. கையாள்கிறவருக்குக் கண் சிவந்து நீர் வடிவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நன்றாக வெந்த கறியால் அது பரவுவதுமில்லை. ஆனால் சந்தையில் நாட்டுக்கோழி வாங்க இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் குழம்புக்கு, இன்னொருவர் வளர்ப்புக்கு. முட்டையிடப் போகிற வெடைக்கோழியைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி, மடியில் முடிந்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறவள் இந்தப் பெண்ணைப் போலவே இன்னொருத்தி. அறுக்கிற கோழியும் வளர்க்கிற கோழியும் ஒரே கூடையில்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வியாபாரியின் சம்மதம் அந்த இன்னொருத்தியின் சம்மதம் ஆகாது.

விற்பதைவிடக் கடினமான இடம் ஒன்றும் இருக்கிறது. சீக்கு வந்ததும் நாலு நல்ல கோழியை அக்கா வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ அனுப்பி வைப்பது பலரும் செய்கிற வேலை. குஞ்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வாரத்துக்கு விடுவதும் உண்டு. இதில் வஞ்சகம் கொஞ்சமும் இல்லை, காப்பாற்றத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் பாசத்தோடு போன கோழியும் நோயைக் கொண்டுதான் போகும். எண்ணம் நல்லதாக இருந்தது என்பது அக்காவின் காலிக் கூட்டுக்குப் பதிலாகாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுக்க 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, பட்டியலிட்ட நோய் வந்தால் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். நோயுள்ள பிராணியைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் பறவைக் காய்ச்சலுக்காக அரசே கோழிகளை அழித்தால் இழப்பீடு கொடுக்கிறது. கழிச்சலில் கொல்லைக்கோழியை இழந்தவள் கையில் அப்படி எதுவும் வந்து சேர்வதில்லை. தெரிவிக்கிற கடமை அவளுக்கு, நட்டமும் அவளுக்கே என்றால் அந்தக் கடமை அரைகுறையாகத்தான் நிற்கும்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. மிளகு, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் காவல் தடுப்பூசிதான். 1920களின் கடைசியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் இதற்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர். அதே குமாவுன் மலையிலிருக்கும் முக்தேஸ்வரின் ஆய்வுக்கூடம்தான் 1940களில் தடுப்பூசிக்கான கிருமி வகையையும் தந்தது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. கோடை தொடங்குமுன் பிப்ரவரியில் தமிழக அரசு கொல்லைக்கோழிகளுக்கு இலவச முகாம் நடத்துகிறது. தருமபுரியில் விவரம் கேட்கக் குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் இருக்கிறது.

தடுப்பூசி மருந்துப் புட்டி பெரும்பாலும் 100 கோழிக்கு என்ற அளவில்தான் வரும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பன்னிரண்டு கோழி வைத்திருப்பவள் தனியாக வாங்கிப் போட முடியாது. பத்து வீடு சேர வேண்டும், முந்தின இரவே கோழிகளை அடைத்து வைக்க வேண்டும். முகாம் நாளில் “எங்க கோழிக்கு ஒண்ணும் வராது” என்று சேவலைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு, பிறகு அவளைச் சந்தைக்குப் போகாதே என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

அவள் அன்று சந்தைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். செத்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்து, பஞ்சாரத்தை வெயிலில் காய வைத்து, கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் வாசலில் கொக்கரிப்பே இல்லாமல் இருக்கிறாள். அவள் சும்மா இருந்ததால் பிழைத்த கோழிகள் எந்தெந்த ஊரில் மேய்கின்றனவோ, அந்த வீட்டுக்காரர்களுக்கு இவள் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். கூடு ஆறியபின் அவர்களில் ஒருவர் அடைக்கோழி ஒன்றையும் பத்து முட்டையையும் அவள் வீட்டில் கொண்டுவந்து வைக்கலாம். வாரம் கேட்காமல்.