சமய உரையாடலும் பேச்சுமொழியும்

ஒரு சமயக் கருத்தைப் பிறமொழியாளரிடம் எடுத்துரைக்க நூல்மொழி போதுமா, அவர்களுடைய அன்றாடப் பேச்சும் வேண்டுமா? பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியக் கிறித்தவ சமயப் பணியாளரான சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளைப் பழகினார். பிறகு ஊர்மக்களுடன் சமயம் பற்றி உரையாடினார்; தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி மடல்வழி விடை பெற்றார். அம்மடல்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஹாலே நகரில் அச்சாயிற்று. இத்தாலியச் சமயப் பணியாளரான வீரமாமுனிவர் நூல்மொழியான செந்தமிழுக்கும் பேச்சுமொழியான கொடுந்தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது.

பேச்சு வழக்குக்குத் தனி இலக்கணம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ‘வயிற்றில் பால் வார்த்தது’ என்ற தொடரில் உள்ள ஆறுதலை, சொற்களைத் தனித்தனியே பிரித்து அறிய முடியாது. அதைச் சொல்லும் மனிதரோடு பழகியே அறிய வேண்டும். சொல்லின் பொருள் பெரும்பாலும் அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்று தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் தம் மறைவுக்குப்பின் 1953இல் வெளிவந்த நூலில் வாதிட்டார்.

மொழியைப் பரிமாறிக்கொள்ளும்போது கற்பிக்க வந்தவரும் மாணவராகிறார். பிறர் பேச்சைப் பணிவோடு கேட்டுக் கற்பதே சமய உரையாடலின் முதல் அறம்.