எட்டு ரூபாய்க்கு யார் பொறுப்பு?

என் நண்பர் ஒருவர் சிறிய காண்டிராக்டர். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றைப் பெருக்கித் துடைக்கப் பன்னிரண்டு பேரை அனுப்பி வைக்கிறார். கதை எழுதுகிறவனுக்கு மனுவும் எழுத வரும் என்பது அவருடைய நம்பிக்கை. கூலி உயர்வுத் தொகையைக் கேட்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டுமென்று ஒரு நாள் காலையில் கணக்குத் தாள்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தோடு கணக்குக்குத் தலைமுழுகியவன் நான். ஆனாலும் புரிந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய் ஏறியிருக்கிறது. மாதம் 26 நாள், பன்னிரண்டு பேர்: 2,496 ரூபாய். வைப்பு நிதிக்கு 13 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம்: 405 ரூபாய் 60 காசு. ஆக மாதம் 2,901 ரூபாய் 60 காசு. கணக்கில் பிசகு இல்லை.

"பாக்கியை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"சர்க்கார் கொடுத்தால் கொடுக்கிறேன். என் கைக்காசையா போட முடியும்?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. டெண்டரில் பிறரை முந்த வேண்டுமென்று சேவைக் கட்டணத்தை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் எழுதிக் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படி எழுதினவன் எதைத் தின்று ஜீவித்தான் என்று டெண்டரைத் திறந்தவர்கள் கேட்டதில்லை. என் நண்பர் அந்த ரகம் இல்லை.

ஆனால் இந்த எட்டு ரூபாய் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் முதல் தேதியில் ஏறும் பஞ்சப்படி, அதற்கு முந்திய ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்குமான விலைவாசிக் குறியீட்டின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதாவது, ஜூலை மாதம் புளி விலை ஏறினால், அதைக் கூலியில் பார்க்க அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஏறிய விலையைக் கடைக்காரனிடம் அவள் எப்போதோ கொடுத்து முடித்துவிட்டாள். அதற்குமேல் காண்டிராக்டரின் மனு, குமாஸ்தாவின் குறிப்பு, ஆட்சேபணை, பதில் என்று இன்னும் சில மாதம். இந்தத் தேசத்திலேயே ஏழையான ஒருத்தி, சர்க்காருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை.

டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டடங்களைப் பற்றிய வழக்கில், 1982-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. அங்கே நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. நடுவில் நின்ற ஜமேதார் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைக் கொடுத்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய வேலைதான், வேலை காண்டிராக்டருடையது என்று சர்க்கார் கையைக் கழுவ முடியாது என்றது கோர்ட். ஒரு ரூபாய்க்கு அவ்வளவு பெரிய வார்த்தையா என்று அந்த நாளில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஒரு ரூபாய் இல்லாமல் வீட்டுக்குப் போனவன் சுளித்திருக்க மாட்டான்.

எடுத்துக்கொள்வது வேறு, தாமதிப்பது வேறு என்பார் நண்பர். வாஸ்தவம். ஜமேதார் தின்றான், இவர் தின்னவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அவள் அடுப்பு ஒன்றுபோலத்தான் எரிந்திருக்கும். 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த கூலிக் கணக்கில் ஒரு குடும்பம் என்பது மூன்று பங்கு: புருஷன் ஒன்று, மனைவி 0.8, இரண்டு குழந்தைகளும் ஆளுக்கு 0.6. புருஷன் இல்லாத வீட்டில் அந்த 0.8 மட்டும் துடைப்பத்தோடு நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

அன்று நண்பரோடு ஓர் அம்மாளும் கையெழுத்துப் போட வந்திருந்தாள். தாளைக் காட்டி, "கணக்கு சரிதானுங்களே ஐயா?" என்று என்னைக் கேட்டாள். "சரிதான் அம்மா" என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் அவள் போனபிறகு எனக்குப் பேனா ஓடவில்லை.

மனுவில் ஒரு வரி சேர்த்தேன்: 'உயர்வுத் தொகையை ஆட்களுக்கு ஏற்கெனவே என் பணத்திலிருந்து கொடுத்துவிட்டேன்.' நண்பர் படித்துவிட்டு, "இது பொய்யாச்சே!" என்றார்.

"நாளைக்கு நிஜமாக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். மனு இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது.